துணியும் கூரையாகும்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

சென்ற ஆண்டு நமது பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்திருந்த பெற்றோர் எவரும் அந்த மாலைப் பொழுதை மறந்திருக்க மாட்டார்கள். நான்கு மணிக்குத் தொடங்கிய மழை ஐந்தரைக்கும் விடவில்லை. மேடைக்கு எதிரே கட்டியிருந்த ஷாமியானாவின் நடுப்பகுதி, குழந்தையைப் படுக்க வைத்த தூளியைப் போலக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. தேவதை வேடமிட்ட ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை நடனத்துக்காக மேடையின் பின்புறம் அழைத்துச் சென்ற சற்று நேரத்துக்கெல்லாம் ஒரு கம்பம் சாய்ந்தது. தேங்கிய நீர் முழுவதும், துணியோடும் கயிறோடும், அக்குழந்தைகள் அமர்ந்திருந்த பெஞ்சுகளின் மேல் விழுந்தது. இரண்டு பெஞ்சுகளின் கால்கள் முறிந்தன. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் எங்கள் வகுப்பில் மூவருடைய தங்கைகள் அந்தப் பெஞ்சுகளில் இருந்தவர்கள். ஆகவே துணிக் கூரையைப் பற்றி நாங்கள் எழுதப் புகுந்தது வெறும் அறிவியல் ஆர்வத்தால் மட்டும் அன்று.

மறுநாள் இயற்பியல் வகுப்பில் எங்கள் சிஸ்டர் பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. “நேற்று விழுந்த தண்ணீரின் எடை எவ்வளவு?” என்று கேட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னோம். ஒருத்தி இருபது கிலோ என்றாள். பிறகு கணக்குப் போட்டோம். தண்ணீர் தேங்கிய குழி நீளம் 2 மீட்டர், அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 10 சென்டிமீட்டர் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 400 லிட்டர் ஆகிறது. அதாவது 400 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை எட்டு! எட்டு மூட்டைகளை எவராவது துணியில் கட்டிக் குழந்தைகளின் தலைக்கு மேல் தொங்கவிடுவார்களா? நாம் தொங்கவிட்டோம்.

பந்தல்கார அண்ணன் கம்பங்களை எடுத்துப் போக வந்தபோது அவரிடமே காரணம் கேட்டோம். அவர் ஒளிக்காமல் சொன்னார்: “துணி தொங்கினா தண்ணி நிக்கும் பாப்பா. தண்ணி நின்னா துணி இன்னும் தொங்கும். மழைன்னு தெரிஞ்சிருந்தா நடுவுல ஒரு கம்பம் குடுத்துத் தூக்கி விட்டிருப்பேன்.” நாங்கள் படித்த விளக்கங்கள் எல்லாவற்றிலும் இதுவே சுருக்கமானது.

இனி ஒரு சிறு சோதனை. கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நடுவில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். கயிறு இருபுறமும் 30 பாகை சாய்ந்திருக்கும்போது ஒவ்வொருத்தியும் 10 கிலோ அளவு இழுக்க வேண்டும். அதே எடையுடன் கயிற்றை இன்னும் நேராக்கி 10 பாகைக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 29 கிலோ. 5 பாகைக்குக் கொண்டுவந்தால் 57 கிலோ! முழுவதும் நேராக்க உலகில் எந்தப் பலசாலியாலும் முடியாது. (முக்கோணவியல் வாழ்க்கைக்கு எதற்கு என்று கேட்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் இதைக் கவனிக்க.) ஆகவே தட்டையாக விரித்த துணி தன் மேல் விழும் சுமையைத் தட்டையாக இருந்துகொண்டே தாங்க முடியாது. அது வளைந்தே ஆகவேண்டும். வளைவை நாம் முன்கூட்டியே கொடுத்தால் நாம் விரும்பும் இடத்தில் வளையும். கொடாவிட்டால் மழை தன் விருப்பம்போல் வளைத்துக்கொள்ளும்.

சரி, நடுவில் மட்டும் உயர்த்திவிட்டால் போதுமா? மழைக்குப் போதும், நம் ஊர்க் காற்றுக்குப் போதாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரக்கூடியது. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் துணியில் அது 900 கிலோவை நெருங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அதுவும் காற்று கீழ்நோக்கி மட்டும் தள்ளுவதில்லை. அடியில் புகுந்து தூக்கவும் செய்யும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தபோது, புதுப்பட்டினத்தில் விழித்துக் கிடந்த நம் எல்லோருக்கும் தகரம் படபடக்கும் ஓசை நினைவிருக்கும். தளர்ந்த துணி காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால், கிழிவதற்கு முன் முடிச்சைத் தளர்த்திவிடும்.

அப்படியானால் கீழே அழுத்தும் மழையையும் மேலே தூக்கும் காற்றையும் ஒரே துணி எப்படித் தாங்கும்? இதற்கு விடையை நாங்கள் சோப்பு நுரையில் கண்டோம்.

கட்டுக் கம்பியைச் சதுரமாக வளைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலேயும் மற்ற இரண்டைக் கீழேயும் மடக்கிச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். நான்கு கம்பிகளுக்கும் நடுவே பளபளவென்று ஒரு படலம் நிற்கும். உயர்ந்த மூலையிலிருந்து உயர்ந்த மூலைக்குப் பார்த்தால் அது பள்ளமாகத் தெரியும்; தாழ்ந்த மூலையிலிருந்து தாழ்ந்த மூலைக்குப் பார்த்தால் மேடாகத் தெரியும். குதிரைச் சேணத்தின் வடிவம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. எங்களில் யாரும் குதிரை ஏறியதில்லை. எண்ணெயில் போட்ட அப்பளம் இரண்டு ஓரம் மேலும் இரண்டு ஓரம் கீழுமாக வளைவதைப் பார்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். இவ்வடிவில் இழுத்துக் கட்டிய துணியில், பள்ளமாக ஓடும் இழைகள் மழையின் சுமையைத் தாங்குகின்றன. மேடாக ஓடும் இழைகள் காற்று தூக்காமல் பிடித்துக்கொள்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருப்பதால் துணி அசையாமல் நிற்கிறது. மழைநீரும் தாழ்ந்த மூலைகள் வழியே தானாக ஓடிவிடும்.

நற்கருணைப் பவனியில் குருவானவருக்கு மேலே நால்வர் பிடித்து வரும் மேற்கட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? நால்வரும் தத்தம் கம்பை வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து இழுத்துப் பிடித்தால்தான் துணி விறைப்பாக நிற்கும். ஒருவர் கை அயர்ந்தாலும் மூலை தொங்கிவிடும். ‘மேற்கட்டி’ என்ற அழகிய தமிழ்ச் சொல்லிலேயே கட்டுதல் இருக்கிறது. மேலே போடுவது அன்று, மேலே கட்டுவது!

சோப்புப் படலத்தைக் கொண்டு கட்டடம் வரைந்த பெருமகனார் ஒருவர் இருந்தார். அவர் ஜெர்மானியரான ஃபிரை ஆட்டோ. 1925-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்து கைதாகி, பிரான்சு நாட்டில் போர்க் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கட்டட வேலை அவர் பொறுப்பில் வந்தது. ஆனால் பொருளோ மிகக் குறைவு. குறைந்த பொருளைக் கொண்டு மனிதருக்கு நிழல் கொடுப்பது எப்படி என்ற கேள்வியை அவர் அதன்பின் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1967-இல் கனடாவின் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் ஜெர்மனி அரங்குக்கு அவர் அமைத்த கூடாரக் கூரையும், 1972 மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டரங்குக்கு மற்றவர்களோடு சேர்ந்து அமைத்த வலைக் கூரையும் உலகப் புகழ் பெற்றன. மியூனிக்கில் துணிக்குப் பதிலாகக் கம்பி வலையின் மேல் ஒளி புகும் பலகைகளைப் பொருத்தினார்கள். நிற்கும் முறை ஒன்றே. கட்டடக் கலையின் மிக உயர்ந்த பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசு அவருக்கு 2015 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய நாள் அவர் காலமாகியிருந்தார்.

அவருடைய தந்தையும் பாட்டனாரும் சிற்பிகள் என்று படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. நாம் வாழ்வதும் சிற்பிகளின் கரை அல்லவா? மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களில் மிகச் சிறியதாகிய திரௌபதி ரதத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஓலைக் குடிசையின் வடிவத்தை ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையில் அப்படியே செதுக்கிவிட்டார்கள். கல்லை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். துணியோ இழுத்தால் தாங்கும், அழுத்தினால் மடங்கிப்போகும். இரண்டும் நேர் எதிர்க் குணம் உடையவை. கல்லில் குடிசை செய்தவர்களுக்குச் சில மைல் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக் கொண்டு நம் பக்கத்து நெசவாளர்களின் மெல்லிய துணியைக் கப்பலேற்றினார்கள். நம் மாவட்டத்துக்குக் கல்லும் தெரியும், துணியும் தெரியும் என்று நாங்கள் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

இன்று உலகில் துணிக் கூரைகள் எவ்வளவு பெரிதாக வளர்ந்துள்ளன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். சவுதி அரேபியாவின் ஜெத்தா விமான நிலையத்தில் ஹஜ் யாத்திரிகர் தங்கிச் செல்லும் இடம் 1981-இல் திறக்கப்பட்டது. அங்கே ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரமுள்ள 210 வெண்கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. சுவர் இல்லை. வெள்ளைத் துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சூடான காற்று உச்சித் துவாரத்தின் வழியே வெளியேறுகிறது. இதை அமைத்த பொறியாளர்களில் முதன்மையானவர் ஃபஸ்லுர் ரகுமான் கான். டாக்காவில் பிறந்து, வங்காளத்துப் பொறியியல் கல்லூரிகளில் பயின்றவர். வானளாவிய கட்டடங்களால் அறியப்பட்ட அவர் துணியையும் எளிதாக எண்ணவில்லை. அத்துணி பருத்தி அன்று. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசியது. ஒட்டாத தோசைக் கல்லில் பூசுவதும் டெஃப்லான்தான். தூசி ஒட்டாமல் மழையில் கழுவிப் போய்விடும். தீயும் எளிதில் பற்றாது.

அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. சென்னை சேப்பாக்கம் விளையாட்டரங்கை 2011 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டை ஒட்டிப் புதுப்பித்தபோது, புதிதாகக் கட்டிய பார்வையாளர் மாடங்களுக்கு இம்மாதிரி வெண்துணிக் கூரையையே கம்பி வடங்களால் இழுத்துக் கட்டினார்கள். பழைய மாடங்களில் தூண்கள் பார்வையை மறைத்தனவாம். இப்போது மறைப்பதில்லை, வெளிச்சம் மெல்லிதாக ஊடுருவுகிறது, கடற்காற்றும் உள்ளே வருகிறது. எங்கள் அண்ணன்மார்கள் அங்கே பந்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள், கூரையைப் பார்க்கவில்லை. கேட்டால் “கூரை இருந்துச்சு” என்கிறார்கள்.

வீட்டுக்கு உள்ளேயும் இது பயன்படும். தகரக் கூரைக்கு அடியில் ஓரடி இடைவெளி விட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால், தகரத்தின் அனல் நேராகத் தலைமேல் இறங்காது. இடையில் உள்ள காற்று இரு பக்கமும் ஓட வழி வைக்க வேண்டும். எதிரொலிக்கும் கூடத்தில் சுவரை ஒட்டிப் பஞ்சு வைத்து, அதன்மேல் துணியை இறுக்கி அடித்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஒரே அறையை இரண்டாகப் பிரிக்கவும் தரையிலிருந்து உத்தரம் வரை இழுத்த துணி போதுமானது. ஆனால் அடுப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் அருகில் சாதாரணத் துணியைக் கட்டவே கூடாது.

இனி எங்கள் சொந்த முயற்சி. மதிய வேளையில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகள் சாப்பிடும் மணல் முற்றத்தில் மரம் கிடையாது. இருந்த வேப்பமரம் புயலில் போயிற்று. வெறுங்காலோடு அங்கே நிற்க முடியாமல் குழந்தைகள் சுவர் ஓரத்து நிழலில் ஒண்டிக்கொண்டு உண்பார்கள். அங்கே ஒரு சேண வடிவக் கூரை கட்டுகிறோம் என்று தலைமைச் சகோதரியிடம் கேட்டோம். ஆண்டு விழாவுக்குப் பின் துணி என்றாலே அவர்களுக்குப் பயம். “பெரியவர்கள் இருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே ஒரு குழந்தை அதன்கீழ் உட்கார வேண்டும்” என்ற நிபந்தனையோடு இசைந்தார்கள்.

லாரிக்குப் போடும் கான்வாஸ் தார்ப்பாயை வாங்கி, இருபதடிச் சதுரமாகத் தைத்தோம். பழைய ஊஞ்சல்களின் இரும்புக் குழாய்களில் இரண்டை 12 அடி உயரத்துக்கும் இரண்டை 7 அடி உயரத்துக்கும் நிறுத்தினோம். கட்டிய அன்று அருமையாக இருந்தது. ஒரு வாரத்தில் துணி தளர்ந்து சுருக்கம் விழுந்துவிட்டது. திருகி இறுக்க இறுக்க மூலைகள் நீண்டனவே ஒழிய நடுப்பகுதி விறைக்கவில்லை. இயற்பியலில் எங்கே தவறு என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்க, தையல் வகுப்பு சிஸ்டர் தம் கைக்குட்டையை எடுத்தார்கள். ஓரத்துக்கு நேராக இழுத்தால் அது நீளவில்லை. மூலைக்கு மூலை இழுத்தபோது நீண்டது. “பாவும் ஊடையும் ஓரத்துக்கு இணையாக ஓடுகின்றன, நீங்கள் இழுப்பதோ குறுக்கே. பாவாடைக்குக் குறுக்குத் துணி வெட்டினால் தொங்கும் என்று சொல்லிக் கொடுத்தேனே!” என்றார்கள். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாவு ஒரு மூலைவிட்டத்திலும் ஊடை மற்றதிலும் ஓடும்படி துணி முழுவதையும் பிரித்து மீண்டும் தைத்தோம். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. இம்முறை ஓரங்களை நேராக விடாமல், உட்பக்கமாக இரண்டடி வளைத்து வெட்டி, மடிப்புக்குள் கயிறு கோத்தோம். நேர் ஓரம் காற்றில் படபடக்கும். உள்வளைந்த ஓரத்தைக் கயிறு இறுக்கிப் பிடிக்கும்.

இரண்டாவது தொல்லை தரையில் வந்தது. குழாய்களைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறுகளுக்கு இரும்பு முளை அடித்தோம். மணலில் முளை வெண்ணெயில் கத்தி போல வெளியே வந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா மீன்பிடித் தொழில் செய்பவர். கட்டுமரத்தில் பாய் விரித்துக் கடலுக்குப் போன பழைய நாட்களைக் கண்டவர். அவரை மாமா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவர் வந்து பார்த்தார். “முளை அடிச்சா மணல் விட்டுடும்மா. கட்டையைப் படுக்கப் போட்டுப் புதைங்க” என்றார். நான்கடி நீளப் பனந்துண்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, நான்கடி ஆழத்தில் குறுக்காகக் கிடத்தி, மண்ணை மிதித்து நிரப்பினோம். கட்டை வெளியே வரவேண்டுமானால் அதன் முன்னுள்ள மணல் முழுவதையும் தள்ளிக்கொண்டு வரவேண்டும். எங்களில் ஆறு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. முடிச்சுகளையும் அவரே போட்டார். நாங்கள் போட்டவற்றை எல்லாம் அவிழ்த்துவிட்டுப் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பழங்கால ரோமாபுரியின் பெரிய அரங்கில் வெயிலுக்குப் பாய் விரிக்கவும் சுருட்டவும் கடற்படை மாலுமிகளையே வைத்திருந்தார்களாம். அதன் காரணம் எங்களுக்கு அன்று விளங்கிற்று.

கயிற்றை இறுக்க இரு முனையும் மரையுள்ள திருகு ஒன்று உண்டு. கல்பாக்கத்துக் கடைகளில் ‘டர்ன்பக்கிள்’ என்றே கேட்டு வாங்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் அதை ஒரு சுற்றுத் திருகிப் பார்ப்பது எங்கள் வகுப்பின் முறை. கயிற்றில் கால் தடுக்கி ஒரு குழந்தை விழுந்த பிறகு அவற்றில் சிவப்புத் துணி கட்டினோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பந்தல்கார அண்ணனும் மாமாவும் பார்த்துச் சரி என்று சொன்ன மறுநாள், பன்னிரண்டே கால் மணிக்கு, அறுபது குழந்தைகள் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களோடு அதன்கீழ் உட்கார்ந்தார்கள். மூன்று தங்கைகளும் இப்போது இரண்டாம் வகுப்பு. இருந்தாலும் வேடிக்கை பார்க்க வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று பார்த்தார்கள். ஆகஸ்டு மாதம் ஒரு மாலையில் நல்ல இடிமழை பெய்தது. நாங்கள் குடையோடு நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். தாழ்ந்த இரு மூலைகளிலிருந்தும் தண்ணீர் குழாய் திறந்தாற்போலக் கொட்டியது. நடுவில் ஒரு சொம்பு நீர்கூட நிற்கவில்லை. அடியில் வைத்த இரண்டு அண்டாக்கள் நிறைந்து வழிந்தன. அந்த நீரைத் தோட்டத்துக்கு ஊற்றினோம்.

புயலில் அது நிற்குமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நிற்க வைக்க மாட்டோம். அக்டோபர் பதினைந்தாம் தேதி வாடைக்காற்று தொடங்குமுன் நான்கு திருகுகளையும் தளர்த்தி, துணியைக் காயவைத்து, வேப்பிலை இட்டுச் சுருட்டிப் புத்தக அறைப் பரணில் ஏற்றிவிட்டோம். கழற்ற ஆன நேரம் நாற்பது நிமிடம். முற்றத்தில் இப்போது நான்கு குழாய்களும், புதைந்த கட்டைகளிலிருந்து வெளியே வரும் கயிற்று முனைகளும் மட்டுமே இருக்கின்றன. முனைகள் மணலுக்குள் போய்விடாமல் குழாய்களில் சுற்றி வைத்திருக்கிறோம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பார் வந்து மாமாவிடம் முடிச்சுப் பழகிக்கொள்ள வேண்டும். அவர் சனிக்கிழமை மாலைகளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.